ஆஸ்பத்திரி இருக்கிறது, எட்டுகிறதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். 300 வீடுகள். அதில் 18 வீடு முஸ்லிம்கள். தெருக்கோடியில் சின்னதாக ஒரு பள்ளிவாசல். ஆரம்ப சுகாதார நிலையம் 4 கிலோமீட்டரில். அந்த 18 வீடுகளில் ஒன்றில் 58 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டில் பேசுவது உருது. தமிழ் நன்றாகப் புரியும், சந்தையில் பேரம் பேசும் அளவுக்குப் பேசவும் வரும், படிக்க மட்டும் வராது. ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போவார். மற்ற மாதங்களில் வீட்டிலேயே தையல்.

இந்த அம்மாவுக்கு மருத்துவ வசதி இருக்கிறதா?

வரைபடத்தைப் பார்ப்பவர் இருக்கிறது என்பார். 4 கிலோமீட்டரில் டாக்டர், நர்ஸ், மாத்திரை, எல்லாம் இலவசம். ஆனால் அந்த அம்மா கடைசியாக அங்கே போய் எட்டு மாதம் ஆகிறது. மாத்திரை தீர்ந்தால் மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிறார். கையில் காசு இல்லாத வாரம் விட்டுவிடுகிறார். குதிகாலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. அதை யாரிடமும் காட்டவில்லை.

பொது சுகாதாரம் படித்தவர்கள் இதை ‘ஹெல்த்கேர் ஆக்செஸ்’ என்ற தலைப்பில் பேசுவார்கள். தமிழில் ‘மருத்துவ அணுகல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘எட்டுதல்’ என்ற நம் பேச்சுச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்கிறோமே, அதில் முழு விஷயமும் இருக்கிறது. பண்டம் கை வரைக்கும் வந்துவிட்டது, அதற்கப்புறம் உள்ள ஒரு சாண் தூரத்தில்தான் சிக்கல். கிராமத்துச் சிறுபான்மைக் குடும்பங்களுக்கு மருத்துவம் எட்டுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கிலோமீட்டரை எண்ணுகிறோம். அந்த ஒரு சாணை யாரும் அளப்பதில்லை. அதை அளந்து பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

1981-இல் பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த எட்டுதலை ஐந்து கூறாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் பொது சுகாதார வகுப்புகளில் அதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள். நம் பேச்சில் சொன்னால் ஐந்து கேள்விகள். மருத்துவம் அங்கே இருக்கிறதா? போய்ச்சேர முடிகிறதா? கட்டுப்படியாகிறதா? நம் பிழைப்புக்குத் தோதாக இருக்கிறதா? மனசு ஒப்பிப் போக முடிகிறதா? ஐந்துக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் எட்டியது என்று பொருள். நாலு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் அந்தப் புண் ஆறாது.

சிதறிக் கிடப்பதும் சேர்ந்து இருப்பதும்

முதலில் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும் சிறுபான்மையினர் யார் என்று பார்த்துவிடலாம். 1992-ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள், பிறகு 2014 முதல் சமணர்கள் என ஆறு சமயத்தார் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் நடைமுறையில் அது முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 6 பேர் முஸ்லிம்கள், 2 பேர் கிறிஸ்தவர்கள். தருமபுரியில் முஸ்லிம்கள் சுமார் 3 பேர், கிறிஸ்தவர்கள் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இரண்டும் கிராமங்கள் நிறைந்த மாவட்டங்கள். தருமபுரியில் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறார்கள், கிருஷ்ணகிரியில் 77 பேர்.

இந்தச் சதவீதத்தைவிட முக்கியமான ஒன்று, அவர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பது. தருமபுரிப் பக்கம் கோவிலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரி போன்றவை பழைய கத்தோலிக்க ஊர்கள். மாவட்டத்தில் அவர்கள் சிறுபான்மை, சொந்த ஊரில் கூட்டமாக வாழ்கிறவர்கள். ஒரு மருத்துவ முகாம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் ஒரு வார்த்தை அறிவித்தால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். இதுபோன்ற ஊர்களில் அரசு ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே கன்னியாஸ்திரிகள் சிறு மருந்தகம் நடத்தியதும் உண்டு. அங்கே மருந்து வாங்கியவர்களில் சுற்றுவட்டாரத்து எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள்.

கிராமத்து முஸ்லிம்களின் நிலை வேறு. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை போன்ற டவுன்களில் தெருத்தெருவாக இருப்பார்கள். கிராமத்துக்குள் போனால் அங்கே 5 வீடு, இங்கே 18 வீடு. இப்படிச் சிதறி இருக்கும்போது ஊருக்காகப் போடப்படும் எந்த ஏற்பாடும் மற்ற 282 வீடுகளின் வழக்கத்தை ஒட்டியே அமையும். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்க வேண்டியதில்லை. முகாம் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வழியாகத் தகவல் என்பதையெல்லாம் பழகிய தடத்திலேயே முடிவு செய்கிறார்கள். அந்தத் தடம் அந்தப் 18 வீடுகளின் வாசல் வழியாகப் போவதில்லை. சிறுபான்மை என்ற சொல்லில் மதத்துக்கு இருக்கும் அதே அளவு கனம் எண்ணிக்கைக்கும் உண்டு என்பதை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்.

இருப்பதும் போய்ச்சேர்வதும்

முதல் இரண்டு கேள்விகளை விரைவாகவே கடந்துவிடலாம், ஏனென்றால் அவை எல்லாச் சமயத்தாருக்கும் பொது. அரசு நெறிமுறைப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. அதற்கு மேலே தாலுகா ஆஸ்பத்திரிகள். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது, கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்பு சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ ஓடிய பல நோய்களுக்கு இன்று மாவட்டத்துக்குள்ளேயே வைத்தியம் உண்டு.

தூரம் இன்னும் உயிரெடுக்கும் இடம் மலை. அஞ்செட்டி, தளிக்கு அந்தப் பக்கம், சித்தேரி, பென்னாகரத்தின் உள்ளூர்கள் எல்லாம் இதில் வரும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும் ஊரில், பெண்களுக்கு டவுன் பஸ் கட்டணம் இல்லை என்ற 2021-இன் அருமையான ஏற்பாடுகூட அந்த இரண்டு முறைக்குத்தான் பயன்படும்.

108 பற்றி ஒரு குறிப்பு. 2008 முதல் ஓடும் இந்த ஆம்புலன்சின் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. எடுப்பவருக்கு நம் ஊர் தெரியாது. நம் பக்கமோ எல்லா ஊரும் ‘அள்ளி’, ‘பள்ளி’ என்றே முடியும், ஒரே பெயரில் மூன்று ஊர் இருக்கும். எனவே ஊர்ப்பெயரோடு தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், பஸ் நிறுத்தம் மூன்றையும் சொல்ல வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவையுங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத பகல் நேரத்தில் தமிழ் தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு பெண் இந்த அழைப்பைச் செய்யவேண்டி வரலாம். அந்த மூன்றையும் ஒரு பிள்ளையை விட்டுத் தாளில் எழுதி, அவருக்குத் தெரிந்த எழுத்திலேயே எழுதி, சுவரில் ஒட்டிவைப்பது ஐந்து நிமிட வேலை.

காசு

அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆனால் ஒரு நாள் கூலி போகிறது. மாங்கூழ் சீசன் இரண்டு மூன்று மாதம்தான். அந்தச் சமயத்தில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நிற்பது வருஷத்தின் முக்கியமான வருமானத்தில் ஒரு பங்கை விடுவது. துணைக்கு மகன் வந்தால் இரண்டு கூலி. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அந்த அம்மா மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். அறியாமை என்று அதைச் சொல்லக்கூடாது.

பெரிய செலவுகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதில் பலருக்கு ஒரு குழப்பம் இருப்பதால் சொல்கிறேன். இத்திட்டம் சாதியையோ மதத்தையோ பார்ப்பதில்லை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும்தான் அடிப்படை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமைகளை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் எந்த அரசுத் திட்டமும் நமக்குக் கிடையாது என்று அவர்களில் சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். காப்பீட்டுக்கு அது பொருந்தாது.

காசைவிடக் காகிதம்தான் இங்கே அதிகம் இடறுகிறது. முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறவேண்டும், அதற்குப் பெயர்கள் ஒத்துப்போகவேண்டும். ஆதாரில் ‘பாத்திமா பீ’, ரேஷன் கார்டில் ‘பாத்திமாபி’, பேங்க் புத்தகத்தில் ‘ஃபாத்திமா பேகம்’. கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானத்தில் வைத்தது ‘ஆரோக்கியமேரி’, பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். எழுதிய குமாஸ்தாவுக்குப் பழக்கமில்லாத பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதினார். பத்து வருஷம் கழித்து அதன் விலையைப் பிள்ளைத்தாய்ச்சி கொடுக்கிறாள். கர்ப்பம் தெரிந்த முதல் மாதத்திலேயே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்ப்பது, இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் யோசனைகளில் மிக எளியது. பிரசவம் நெருங்கிய பிறகு இ-சேவை மையத்துக்கு அலைய முடியாது.

தோது

நாலாவது கேள்வியில்தான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மருத்துவம் ஒருவருடைய நேரத்துக்கும் மொழிக்கும் வருஷத்தின் ஓட்டத்துக்கும் பொருந்துகிறதா என்பதுதான் தோது.

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். படுத்த படுக்கையானவருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. கொண்டுவருபவர் பெரும்பாலும் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண். மருத்துவத்தைத் தோதாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. கூலி போகவேண்டாம், பஸ் ஏறவேண்டாம், வாசலுக்கு வருவது ஒரு பெண். ஆனால் வாசலுக்கு வருவதற்கு முன் ஒருவருடைய பெயர் பட்டியலில் ஏறியிருக்கவேண்டும். பரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மா ஆலையில் இருந்திருந்தால்? அந்தப் பதினெட்டு வீட்டிலிருந்து சுய உதவிக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லாமல், அடுத்த சுற்று எப்போது என்றே தெரியாமல் போயிருந்தால்? கேட்டுப் பெயரைச் சேர்க்கலாம். துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும். தெரியாததுதான் தடை.

அடுத்து மொழி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். முஸ்லிம் வீடுகளில் தக்கணி உருது. ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று மாத்திரை உறையில் எழுதிக் கொடுப்பது படிக்கத் தெரிந்தவருக்குப் போதும். தெரியாதவருக்குச் சூரியன், நிலா என்று படம் போட்டுக் கொடுக்கும் மருந்தாளுநர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கைகூப்பத் தோன்றும். நோயின் விவரம் இன்னும் சிக்கல். ‘கிறுகிறுப்பு’க்கும் ‘மயக்க’த்துக்கும் ‘அசதி’க்கும் உள்ள வித்தியாசத்தைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்லமுடியும். பெரும்பாலும் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பேரன் முன்னால் ஒரு பாட்டி தன் சிறுநீர்த் தொந்தரவையோ வெள்ளைப்படுதலையோ எப்படிச் சொல்வார்? சொல்லமாட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்புறம் ரமலான். சர்க்கரை உள்ளவருக்கு இது வருஷத்தில் ஒரு மாதத்துக் கேள்வி, ஆனால் விட்டால் ஆபத்தான கேள்வி. நோன்பு விடியலுக்கு முன் சஹரில் தொடங்கிச் சூரியன் மறைந்ததும் இஃப்தாரில் முடியும். நம் ஊரில் சுமார் 13 மணி நேரம், சில வருஷம் அதற்கும் மேல், தண்ணீரும் இல்லை. காலை, இரவு என்று எழுதிக்கொடுத்த மாத்திரை இந்த ஒழுங்கில் பொருந்தாது. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும் வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். மெட்ஃபார்மினில் அந்தப் பயம் குறைவு. ஆகவே எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். அதற்கு நோன்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே போகவேண்டும் என்பது உலகெங்கும் சர்க்கரை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. நோன்பின்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்றும், 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட்டுவிடவேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர் வெள்ளிக்கிழமைப் பயானில், அதாவது தொழுகைச் சொற்பொழிவில், சொன்னால் எடுபடும். ஆஸ்பத்திரியில் ‘சுகர் இருக்குல்ல, நோன்பெல்லாம் வைக்காதீங்க’ என்று ஒரே வரியில் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நோன்பு வைப்பார்கள், டாக்டரிடம் மறைப்பார்கள், மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவிடுவார்கள். ‘நோன்பு வைக்கப் போறீங்களாம்மா? வாங்க, மாத்திரையை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தலாம்’ என்று கேட்டால் அந்த அம்மா உண்மையைச் சொல்வார், அப்போது அந்தக் குதிகால் புண்ணையும் காட்டுவார் என்று நம்புகிறேன்.

மனசு ஒப்புவது

ஐந்தாவது கேள்வி எல்லாவற்றையும்விட நுட்பமானது, அளக்க முடியாதது, ஆகவே அறிக்கைகளில் அதிகம் வராதது.

பெண் டாக்டர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். முஸ்லிம் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்குகிறார்கள், அது அவர்களுடைய பிடிவாதம் என்ற பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். திண்டிவனத்தில் 1890-களில் நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். ஓர் இரவில் மூன்று கணவர்கள், பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியரைக் காப்பாற்ற ஒரு பெண் வேண்டும் என்று கேட்டு, அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டில் இருந்த மகளோ டாக்டருக்குப் படிக்காதவர். ஆண் டாக்டரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னதை மூவரும் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வந்தவர்களில் ஒருவர்தான் முஸ்லிம், மற்ற இருவரும் இந்துக்கள், அதிலும் ஒருவர் பிராமணர். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் திறந்தார். நம் கிருஷ்ணகிரிக்காரர்கள் ‘வேலூர் ஆஸ்பத்திரி’ என்று இன்றும் நம்பிப் போகும் சி.எம்.சி.யின், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், தொடக்கம் அதுதான். அவர் ஊராரின் கூச்சத்தோடு சண்டை போடவில்லை, பெண் டாக்டர்களை உருவாக்கினார்.

கூச்சம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சில வீடுகளில் அதற்கு மார்க்கத்தின் பெயர் இருக்கிறது. இன்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எல்லா நாளும் பெண் டாக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பெண் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று ஊருக்குத் தெரிவிக்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உண்டு. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கச் செய்வது ஆஸ்பத்திரியின் கடமை என்று அது சொல்கிறது. மதம், சாதி, மொழி, நோய் எதையும் வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும் அதில் ஒன்று. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கவும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டால் கிடைக்கக்கூடியவை இவை. கேட்கலாம் என்று தெரியாமல்தான் பலர் வாசலோடு திரும்புகிறார்கள்.

மனசு ஒப்பாததற்கு இன்னொரு காரணம் பழைய காயம். 2020 மார்ச்சில், தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பு டில்லியில் நடத்திய மாநாட்டுக்குப் பிறகு, கொரோனா என்ற ஒரு நோய்க்கு மதம் ஒட்டப்பட்டது. தொலைக்காட்சியிலும் வாட்ஸப்பிலும் வந்த பேச்சு கிராமத்துக் கடைகள் வரை இறங்கியது. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொன்னது. தீர்ப்பு வந்த செய்தி அந்த வதந்தி போன தூரத்தில் நூற்றில் ஒரு பங்கும் போயிருக்காது. அதற்கு முன்பு 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது தமிழ்நாடெங்கும் எல்லாச் சமயத்துப் பெற்றோரும் வாட்ஸப் வதந்தியால் பயந்தார்கள். பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் 2020-ஐக் கடந்து வந்த ஒரு வீட்டில், ஊசியோடு ஒரு அந்நியர் வாசலில் நின்றால் எழும் சந்தேகம் வேறு ரகம். அதை அதட்டிப் போக்க முடியாது. தெரிந்த முகம் ஒன்று கூட வந்தால் போகும்.

தெரிந்த முகத்தின் பலத்தைப் பார்க்க அரூர்ப் பக்கம் சித்திலிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். அங்கே 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் தொடங்கினார்கள். மலைவாழ் மக்களின் ஊர் அது, மதச் சிறுபான்மைக் கதை கிடையாது. ஆனால் பாடம் ஒன்றுதான். அவர்கள் அந்த ஊர்ப் பெண்களையே எடுத்துச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி கொடுத்தார்கள். தன் மொழி பேசுகிற, தன் வீட்டு நிலவரம் தெரிந்த பெண் சொன்னபோது ஊர் கேட்டது. பதினெட்டு வீட்டிலிருந்து பத்தாவது படித்த ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலராக வந்தால் மொழி, கூச்சம், தகவல், நம்பிக்கை என்று நான் மேலே பக்கம் பக்கமாக எழுதியதில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

மதமா, வேறு எதுவுமா?

சச்சார் குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்களின் நிலை பற்றிய அந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பெரிய கிராமங்களில் சுமார் 40 சதவீதத்தில் எந்த மருத்துவ வசதியும் இல்லை என்பது ஒன்று. வறுமை இருந்தும் முஸ்லிம் குழந்தைகள் பிழைத்து வளரும் விகிதம் நாட்டுச் சராசரியைவிட மேல் என்பது மற்றொன்று. இவை இந்தியா முழுமைக்குமான கணக்கு, நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. குழந்தையைப் பேணும் அக்கறை அந்த வீடுகளில் குறையவில்லை, வசதிதான் அங்கே போய்ச்சேரவில்லை. ‘அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை’ என்று தொடங்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு செய்திகளும் ஞாபகம் வரும்.

அவசர நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, உயிர்காக்கும் முதல் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்பதை 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு, அடிபட்டவர் எந்த ஊர், எந்த மதம் என்று அது கேட்பதில்லை. அவசரத்துக்கு வழி ஓரளவு இருக்கிறது. அவசரமாக மாறுவதற்கு முன்னால் உள்ள அந்த எட்டு மாதத்துக்குத்தான் வழி வேண்டும்.

அந்த எட்டு மாதத்தில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். ரமலான் ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னால் வருகிறது. 2027-இல் பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கும், பிறை பார்த்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதற்கு 6 முதல் 8 வாரம் முன்பு என்றால் 2026 டிசம்பரின் பின்பாதி. மாங்கூழ் சீசன் இல்லாத மாதம், கூலி போகாது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் அறிவிக்க, கிராம சுகாதார செவிலியர் ஒரு சனிக்கிழமை காலை பள்ளிவாசல் பக்கத்து மதரஸா அறைக்கு வந்து, அந்தப் 18 வீட்டில் சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்களைப் பார்த்து, கால்களையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, பெயர்களைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு போகலாம். இதற்குத் தனி ஆணையோ தனி நிதியோ தேவையில்லை. அந்தச் செவிலியரின் போன் நம்பர் துணை சுகாதார நிலையத்தின் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும்.